துப்பாக்கி எனக்கு, போல்ட்டு தம்பிக்கு

வாங்க வாங்க, உள்ள வாங்க. நீங்கதான் மாப்பிள்ளையோட தாய்மாமனுங்களா? காங்கயத்துல இருந்து காலைல கெளம்பிட்டேன்னு நீங்க போன்ல சொன்னதும் நான் தோட்டத்துப் பக்கமே போகலீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இப்படி வாங்க. இங்க உக்காந்தா ஒம்பது துப்பாக்கியும் ஒரே வரிசையில தெரியும்.

தங்கமுத்து வீடு எதுன்னு கேட்டிருப்பீங்க, சுத்த விட்டிருப்பானுக. துப்பாக்கிக்காரர் வீடுன்னு கேட்டிருந்தா கைக்கொழந்தை கூட வழி காட்டியிருக்கும். சரி, அது கெடக்குது.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. எந்தம்பி கிட்டுசாமி பொண்ணு மகுடீஸ்வரியப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. பொண்ணு புடிச்சிருக்கு. ஜாதகம் சேந்திருச்சு. பையனும் பொண்ணும் போன்ல பேசிக்கறாங்களாமா. எல்லாம் ஆச்சு, உறுதி பண்ணலாம்னா பொண்ணோட அப்பன் வரமாட்டேங்கறான். தாரை வாத்துக் குடுக்க வரமாட்டேன்னு திருப்பூர்ல போய் உக்காந்துட்டிருக்கான். உசிரோட இருக்கற அப்பன் வராம ஒரு கல்யாணம்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல. உங்களுக்குச் சந்தேகம் வந்தது நாயந்தானுங்க. பெரியப்பங்காரனக் கேட்டாத் தெரியும்னு வந்துட்டீங்க. நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

தெய்வாத்தா, பொண்ணோட அம்மா, முந்தாநாளே வந்து சொல்லிட்டுப் போனா. 'மாமா, அவங்க வந்து கேட்டா நல்லபடியா நாலு வார்த்தை சொல்லி உடுங்க'ன்னா. சொல்றேன் போ அம்மிணின்னேன். சொல்லாம இருப்பனா? நம்ம ரத்தமாச்சுங்களே.

ஆனா அதச் சொல்லணும்னா மொதல்ல இதச் சொல்லோணும். அந்த நடுவுல, தனியா கண்ணாடிப் பெட்டியில இருக்குது பாருங்க. அதுதான். அது எங்கப்பன் வாங்கினது. யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரன் பட்டாளத்துக் கேம்ப்பக் கலைச்சப்ப, இருந்த சாமானெல்லாம் டிஸ்போசல்னு ஏலம் உட்டாங்க. பூட்சு, கம்பளி, தகரப் பெட்டி, கூடாரத் துணி, எல்லாம் மலை மாதிரி. எங்கப்பன் கொசுவலை வாங்கறேன்னு போனவரு துப்பாக்கியோட திரும்பி வந்தாரு. எங்காத்தா ஒரு வாரம் பேசலியாமா. அப்பறம் காட்டுப்பன்னிக்குன்னு சொல்லி லைசென்ஸ் எடுத்தாரு. பன்னியச் சுட்டாரா இல்லியா தெரியாது. அவரு காலத்துக்கப்பறம் லைசென்ஸ் என் பேருக்கு மாறிச்சு.

மத்த எட்டும் நான் சேத்தினது. முப்பத்தஞ்சு வருசமாச்சுங்க. எடது ஓரத்துல இருக்கறது குழாய் வாய் வழியா வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கற காலத்துது. அடுத்தது ஸ்னைடருங்கற வெள்ளைக்காரத் துப்பாக்கி. அதுக்கடுத்தது மார்ட்டினி, ஒரு பாளையக்கார வீடு நொடிச்சப்ப மூணு வருசம் நடையா நடந்து வாங்கினேன். எல்லாம் குழாயில ஓட்டை போட்டு, சுட முடியாதபடி சட்டப்படி பண்ணி வச்சது. எனக்குச் சுடறதுல ஆசையே கெடையாதுங்க. ஒரு குருவியக்கூட நான் சுட்டதில்ல. நான் ரொம்ப எளகின மனசுக்காரன்.

பழைய துப்பாக்கிய எத வச்சு மதிக்கறாங்கன்னு நெனைக்கறீங்க? பளபளப்பா? இல்லீங்க. நம்பர். குழாயில ஒரு நம்பர் இருக்கும், ஒடம்புல ஒரு நம்பர் இருக்கும், போல்ட்டுல ஒரு நம்பர் இருக்கும். போல்ட்டுன்னா நீங்க நெனைக்கற நட்டு போல்ட்டு இல்லீங்க. பின்னாடி தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளுவாங்களே, அது. அது இல்லாட்டி துப்பாக்கி வெறும் குழாய், ஊதி அடுப்புப் பத்த வைக்கலாம். இந்த மூணு நம்பரும் ஒண்ணா இருக்கோணும். பட்டாளத்துல ரிப்பேருன்னு அங்க கழட்டி இங்க மாட்டி எல்லாத்தையும் கலந்து உட்டிருவானுக. நம்பர் கலைஞ்சா அது கலப்பு. ஆயிரம் துப்பாக்கியப் பாத்தா அஞ்சு கூட தேறாது. அப்பன் வாங்கினது இருக்குதே, மூணும் ஒண்ணு. நாலாயிரத்து எழுநூத்திப் பதினொண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒம்பதுக்கும் சொல்லுவேன்.

பொண்ணு வயசுங்களா? இருபத்தி நாலோ ஆறோ இருக்கும். அவங்கம்மாவக் கேளுங்க, கரெக்ட்டாச் சொல்லுவா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், போல்ட்டு. எங்கப்பனுக்குக் கடைசி காலத்துல புத்தி கொஞ்சம் பெசகிருச்சுங்க. இல்லாட்டி அப்படி ஒரு காரியத்த யாராச்சும் பண்ணுவாங்களா? எனக்கும் கிட்டுசாமிக்கும் ஒரு வரப்புத் தகராறு. அண்ணந்தம்பின்னா இருக்கறதுதானே. அன்னைக்கு நான் இந்தத் துப்பாக்கிய எடுத்துட்டு வரப்புல போய் நின்னேன். சும்மா மெரட்டத்தான். நெஞ்சுக்கு நேராக் கூட புடிக்கல, வயித்துக்குத்தான் புடிச்சேன். உள்ள குண்டு இருந்துதா இல்லியான்னு எனக்கே நெனப்பு இல்ல. அவன் மம்பட்டியக் கீழ போட்டுட்டு நின்னான். எங்கப்பன் ஓடி வந்து புடுங்கினாரு. அவ்வளவுதான் நடந்தது. ஊருல அத இன்னைக்கும் பேசுவானுக.

மறுவருசம் பாகம் பிரிச்சாரு. தோட்டம் பாதி பாதி. கெணறு பொது, முறை வச்சுத் தண்ணி. பாத்திரம் பண்டம் எல்லாம் பிரிச்சு முடிச்சு, கடைசியில துப்பாக்கியத் தூக்கி மடியில வச்சாரு. ஊர்ப் பெரியவங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க. போல்ட்டக் கழட்டினாரு. 'துப்பாக்கி பெரியவனுக்கு. இது சின்னவனுக்கு'ன்னு சொல்லி அத அவன் கையில குடுத்துட்டாரு. 'ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தா இதுவும் சேரட்டும்'னாரு. ஒரு பெரிய மனுசன் கூட இது தப்புன்னு சொல்லலீங்க. தலைய ஆட்டினானுக.

நம்பர் பிரிஞ்சு போச்சுங்களே! எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம்! ஒரு பசுவ வெட்டி ஆளுக்குப் பாதியாக் குடுத்த மாதிரி. அதோட போல்ட்டும் துப்பாக்கில சேத்திதான், லைசென்ஸ் இல்லாதவன் வீட்டுல இருக்கக் கூடாது. நான் ஒரு நாள் ஸ்டேஷன்ல போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் உள்ள போயிருப்பான். சொன்னனா? தம்பியாச்சேன்னு உட்டுட்டேன். போல்ட்டையும் கேஸுன்னு எடுத்துட்டுப் போயிருவாங்களேங்கறது வேற விசயம்.

அவனாவது அத ஒழுங்கா வச்சிருந்தானா? சாமி ரூம்புல ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதுக்குள்ள ஒரு துணி, துணிக்குள்ள போல்ட்டு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு எடுத்து மஞ்சத் தண்ணி தெளிச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, கும்புட்டு, ஈரத்தோட திரும்ப டப்பாவுல போட்டு மூடிருவான். இரும்புங்க! குங்குமம் இரும்பத் தின்னும்னு கூடத் தெரியாது. நாய்க்குக் கெடைச்ச முழுத் தேங்காயாட்ட. நான் எண்ணெய் பாட்டில் குடுத்து உட்டேன். திருப்பி அனுப்பிட்டான்.

எத்தனையோ தடவை கேட்டேன். வெலைக்குக் கேட்டேன். என் தோட்டத்து வழியாப் பாதை தர்றேன்னேன். ஒண்ணுக்கும் மசியல. ஒரு நாள் நேராவே சொன்னான். 'அண்ணா, உங்கையில முழுத் துப்பாக்கி இருந்தா எனக்குத் தூக்கம் வராது.' பாருங்க, கூடப் பொறந்தவன் பேசற பேச்சா இது? எம்மேல எவ்வளவு பழி போட்டிருக்கான் பாருங்க. தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வகுறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க.

காப்பி குடிங்க, ஆறிப் போகுது. சமையலுக்கு ஒரு அம்மா வருது, வீட்டுக்காரி கோயமுத்தூர்ல பொண்ணு வீட்டுல இருக்கா. சும்மா இருந்துட்டு வரலாம்னு போனா, நாலு வருசமாச்சு. அவளுக்கும் ஒரு கோவம். அது எலெக்சன் சமயம். எலெக்சன் வந்தா துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும், தெரியுமுங்களே. ஒம்பதையும் மெத்தையில சுத்தி வேன்ல கொண்டு போனேன். அங்க என்ன பண்ணியிருக்கானுகன்னா, மார்ட்டினிய ஈரச் செவுத்துல சாத்தி வச்சிருக்கானுக! அதனால தெனமும் காலைல போய் தொடைச்சு வச்சுட்டு சாயந்திரம் வரைக்கும் உக்காந்துட்டு வருவேன். அந்த நேரம் பாத்து அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். நான் ஆஸ்பத்திரிக்கு வரலியாமா. ஏனுங்க, ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காரு, நர்ஸு இருக்காங்க, பொண்ணு பக்கத்துல இருக்கா. ஸ்டேஷன்ல என் துப்பாக்கிக்கு யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு பஞ்சம் வந்துது. உங்க பக்கமும் இருந்திருக்கும். எங்க பொதுக் கெணறு மொத மாசமே தரை தட்டிருச்சு. கிட்டுசாமி எழுநூறு அடி போர் போட்டான், பொகை வந்துது. தொள்ளாயிரம் போட்டான், மண்ணு வந்துது. நான் ஆயிரத்து நூறு போட்டேன், எனக்கு ரெண்டே கால் இஞ்சு தண்ணி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவன் தோட்டத்துல நூத்தி அறுபது தென்னை. அவங்கப்பன் கையால வச்சது. எங்கப்பன்தானுங்க, ஒரே அப்பன்தான். ஓலை ஒவ்வொண்ணாத் தொங்க ஆரம்பிச்சுது. டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்தினான். நூத்தி அறுபது மரத்துக்கு டேங்கர் தண்ணி எத்தனை நாளைக்கு ஆகும்?

அவன் வந்து கேட்கல. ரோசக்காரன். தெய்வாத்தா வந்தா. ஒரு மத்தியானம், வெயில்ல, வேகு வேகுன்னு பொடக்காணி வழியா வந்து பின்வாசல்ல நின்னா. 'மாமா, ஒரு பைப்பு இழுத்துக்கறோமுங்க. முறையில ரெண்டு மணி நேரம் போதுமுங்க. மழை வந்தா நிறுத்திக்கறோம். மரம் செத்துப் போச்சுன்னா அவுரும் செத்துப் போயிருவாரு'ன்னா. அழுதா. எனக்குப் பொம்பளைங்க அழுதாத் தாங்காதுங்க. நான் சொன்னேன், 'தண்ணி என்ன அம்மிணி, எடுத்துக்க. மழை வர்ற வரைக்கும் எடுத்துக்க. அந்த டப்பாவ மட்டும் கொண்டு வந்து குடுத்துரு'ன்னேன்.

'அவுருக்குத் தெரிஞ்சா என்னைய வெச்சிருக்க மாட்டாரு மாமா'ன்னா. 'தெரிஞ்சாத்தானே'ன்னேன். நான் எடுக்கச் சொல்லலீங்க, அதக் கவனிக்கோணும் நீங்க. கொண்டு வந்து குடுன்னுதான் சொன்னேன். அவனக் கேட்டுட்டுக் கொண்டு வந்திருக்கலாமில்ல? மூணாம் நாள் வந்தா. முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தா. டப்பாவ அங்கயே வச்சுட்டு, துணிக்குள்ள ஒரு பழைய கதவுத் தாழ்ப்பாளப் போட்டு வச்சுட்டு வந்திருக்கா. கெட்டிக்காரிதான்.

அன்னைக்கு அத எடுத்து மாட்டினேன் பாருங்க. ஒரு சத்தம் வந்துது. முப்பது வருசம் கழிச்சு அந்தச் சத்தம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சத்தியமாச் சொல்றேன், எங்கப்பன் செத்தப்பக்கூட எனக்கு அழுகை வரல.

பைப்பு இழுத்தாங்க. தண்ணி உட்டேன். பேசின பேச்சு மாற மாட்டேன். பதினெட்டு நாள் உட்டேன். பதினெட்டாம் நாள் போல்ட்ட முழுசாக் கழட்டி, எண்ணெயில ஊற வச்சு, பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கறேன். தலைப்பக்கம் அடியில, துரு தின்ன குழி. குங்குமக் குழிங்க. ஒண்ணு ரெண்டில்ல, எண்ணினேன், பதினாலு. இனி எத வச்சுத் தேச்சாலும் போகாது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்க ஒரு மாடு வாங்கறீங்க, வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து பாத்தா காம்பு ஒண்ணு அடைச்சிருக்குன்னா முழு வெல குடுப்பீங்களா? பழுதான பொருளக் குடுத்துட்டு முழுத் தண்ணி வேணும்னா எப்படி? வால்வ மூடிட்டேன்.

தெய்வாத்தா ஓடி வந்தா. 'மாமா, மோட்டாரு கெட்டுப் போச்சுங்களா'ன்னா. இல்ல அம்மிணின்னு குழியக் காட்டினேன். அவளுக்குப் புரியல. கால்ல விழுந்தா, எந்திரின்னேன். மழை அதுக்கப்பறம் நாப்பது நாள் கழிச்சு வந்துது. நல்ல மழைதான். அதுக்குள்ள தென்னை எல்லாம் கொண்டை சாஞ்சு, முண்டமா நின்னுது. இந்த ஜன்னல்ல நின்னாத் தெரியும். பாக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்குமுங்க. நான் ஜன்னலச் சாத்திட்டேன்.

அந்த வருசம் ஆயுத பூஜைக்கு டப்பாவத் தெறந்திருக்கான், உள்ள கதவுத் தாழ்ப்பாள். கேட்டிருக்கான். அவ ஒளிக்கல, அப்பவே ஒத்துக்கிட்டா. நேரா இங்க வந்தான். நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துல நின்னான். கண்ணாடிப் பெட்டியப் பாத்தான், அதுக்குள்ள முழுசா இருக்கறதப் பாத்தான். 'குடுத்துரு அண்ணா'ன்னான். 'தண்ணி எடுத்தீங்கல்ல?'ன்னேன். 'மரம் எங்கண்ணா?'ன்னு கேட்டான். மரம் எங்கன்னு எங்கிட்டக் கேட்டா?

ஒரு வாரத்துல திருப்பூர் போயிட்டான். அங்க ஏதோ பேங்கு மெஷின் ரூம்பு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான், நீல யூனிபாரம் போட்டுட்டு. கையில ஒரு கம்பு. பாருங்க விதிய, துப்பாக்கி வேண்டாம் வேண்டாம்னு கெடந்தவன் கடைசியில செக்யூரிட்டி! நான் ஒரு தடவை பஸ்ஸுல போறப்ப பாத்தேன், சிரிப்பு வந்துருச்சு. பொண்ணு படிப்புக்குப் பணம் அனுப்பினான், அதுல கொறை சொல்ல முடியாது. அது பார்மசி படிச்சு முடிச்சு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகுது. ஆனா பொண்டாட்டிகிட்ட ஆறு வருசமா ஒரு வார்த்தை பேசினதில்ல. நோம்பி நொடிக்குக் கூட வர்றதில்ல.

இப்ப உங்க பையன் சம்பந்தம் வந்ததும் அவ போன் போட்டிருக்கா. அவன் அவகிட்டப் பேசாம, பொண்ணு மூலமாச் சொல்லி உட்டிருக்கான். 'எங்கப்பன் குடுத்தது வீட்டுக்கு வரட்டும், அன்னைக்கு நான் வர்றேன். வந்து தாரை வாக்கறேன்'னு. அவ்வளவுதானுங்க சங்கதி. அப்பனுக்கும் பொண்ணுக்கும் சண்டை இல்ல. அப்பனுக்கு வேற குடும்பம் கிடும்பம் ஒண்ணும் இல்ல. நீங்க நெனைச்ச மாதிரி ஒரு அசிங்கமும் இல்ல. இந்தப் போல்ட்டு வந்தா அவன் வந்துருவான்.

தெய்வாத்தா போன மாசம் வந்து கேட்டா. 'கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க மாமா. அவுரு பாத்து, தொட்டுக் கும்பிட்டதும் சாயந்திரமே கொண்டாந்து குடுத்தர்றேன். எம் பொண்ணு மேல சத்தியம்'னா.

என்னங்க, நீங்களும் அதத்தான் கேக்கறீங்க? ஒரு நாளைக்குத்தானே, குடுத்தா என்னன்னு? அதெப்படீங்க முடியும்? கழட்டினா நம்பர் பிரிஞ்சிரும். அவன் கைக்குப் போனா திரும்பி வருமா? சத்தியம் பண்ணினவ யாரு? புருசன் சாமி ரூம்புல இருந்து திருடினவ. அவ சத்தியத்த நம்பி நான் எப்படிக் குடுக்கறது?

நான் அதச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க நம்பி வந்திருக்கீங்க. மறைச்சுச் சொன்னா நாளைக்கு உங்க அக்கா மொகத்துல நான் எப்படி முழிக்கறது? பொண்ணு தங்கம். அதுல பொய் இல்ல. ஆனா தாயத் தண்ணித் தொறையில பாத்தா மகள வீட்டுல பாக்க வேண்டாம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கட்டின புருசன் கும்புடற பொருள எடுத்துட்டு, கதவுத் தாழ்ப்பாள வச்சு மூடின கை அது. அந்தக் கையிலதானே இந்தப் பொண்ணு வளந்துது? உங்களுது அரிசி மில்லு. வர்ற போற ஆளு, சாவி, பெட்டின்னு இருக்கற வீடு. நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சுக்குங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நம்பலீங்களா? நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன், எனக்கு என்ன லாபம்? இருங்க. அவ இருக்கற சாளை வீடு பக்கத்துலதான், அஞ்சு நிமிசம். நீங்களே கேட்டுக்குங்க.

அலோ. அம்மிணி, நாந்தான். ஆமா, வந்திருக்காங்க. மாப்பிள்ளையோட மாமன். ஆமா ஆமா, நல்லபடியாத்தான் பேசிட்டிருக்கோம். நீ செத்த வந்துட்டுப் போ. பொண்ணு வேண்டாம், நீ மட்டும் வா.

ரொம்ப சந்தோசம் அவளுக்கு. வருவா. அதுக்குள்ள இந்த ஸ்னைடரக் கையில வாங்கிப் பாருங்க. புடிங்க, கடிக்காது. வேண்டாங்களா? சரி. பெரும்பாலும் எல்லாரும் கேட்டு வாங்கிப் பாப்பாங்க.

அதா, வர்றா பாருங்க. நல்ல சேலை கட்டிட்டு வந்திருக்கா. பையில என்ன அம்மிணி, பழமா? வந்திருக்கற ஒறம்பரைக்கா? அங்க வையி. கும்புடு சொன்னது போதும், இப்படி வந்து நில்லு. இல்ல, தேதி குறிக்கறது அப்பறம். இவருக்கு ஒரு சந்தேகம். நீயே தீத்து வச்சுரு.

உம் புருசன் சாமி ரூம்புல இருந்து அந்தப் போல்ட்ட எடுத்தது யாரு?

என்னைய எதுக்குப் பாக்கற, அவரப் பாத்துச் சொல்லு. நான் எடுத்தனா? நான் உங்க வீட்டு வாசப்படி மிதிச்சு முப்பது வருசமாச்சு. புருசனுக்குத் தெரியாம எடுத்தியா, தெரிஞ்சு எடுத்தியா? தலைய ஆட்டினா எப்படி, வாயத் தெறந்து சொல்லு. சாமி படம் இருக்குது, பொய் சொல்லாத.

கேட்டீங்களா? 'நாந்தானுங்க எடுத்தேன்'னு அவ வாயாலயே சொல்லிட்டா. நான் சொன்னது பொய்யா?

எதுக்கு எடுத்தீங்கன்னு நீங்க கேக்கறீங்க, அவ சொல்றதப் பாருங்க. தண்ணிக்குங்கறா. காரணம் இல்லாம யாருங்க திருடறாங்க? எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். அட, அவரு கையப் புடிச்சு எதுக்கு அதச் சொல்ற அம்மிணி? 'எம் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, அவளத் தப்பா நெனைச்சுக்காதீங்க'ன்னு? பொண்ண யாரு என்ன சொன்னாங்க? பொண்ணு தங்கம்னு நானே சொல்லிட்டேன்.

கெளம்பறீங்களா? இருங்க, சாப்புட்டுட்டுப் போலாம். கோழி அடிக்கச் சொல்லியிருக்கேன். அக்காகிட்டக் கலந்துட்டு சொல்றீங்களா? சரிங்க. பொறுமையா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. பாத்துப் போங்க, கேட்டுப் பக்கத்துல பள்ளம் இருக்குது.

போயிட்டாரு. காரத் திருப்பின வேகத்தப் பாத்தா இனி வரமாட்டாருன்னு தோணுது.

உக்காரு அம்மிணி. நின்னுட்டே இருந்தா எப்படி? அழுவாத. உனக்குத்தான் எம்மேல கோவம், ஆனா யோசிச்சுப் பாத்தா நல்லதுக்குத்தான். நாளைக்கு யாராச்சும் சொல்லித் தெரிஞ்சு, தாலி கட்டினதுக்கப்பறம் பிரச்சினை ஆனா? இப்பன்னா ஒரு நாள் அழுகையோட போச்சு. கிட்டுசாமியும் இனி திருப்பூர்ல இருந்து வந்து தாரை வாக்கோணும்னு இல்ல. நீயும் அந்தப் போல்ட்டு வேணும்னு யாரு கால்லயும் விழ வேண்டியதில்ல.

எங்க போற? சரி, போ. பழத்த வச்சுட்டுப் போ, ஒறம்பரைக்குன்னு வாங்கினதத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது.